எந்த ஹீட்டருக்கு எந்த தெர்மோஸ்டாட்? ஊர்வன வளர்ப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஒரு நாள் காலையில் என் லெபர்ட் கெக்கோ பல்லி தண்ணீர்க் கிண்ணத்தை ஒட்டி, பெட்டியின் குளிர்ந்த மூலையில் வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டு கிடந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் சூட்டுப் பக்கத்துக் குகையை விட்டு அது வெளியே வரவே வராது. ஹீட்டரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தேன். செட் செய்தது 32 டிகிரி. திரையில் 25. ஹீட்டர் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்து, சூட்டுப் பக்கத்து ஓட்டின் மேல் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். தொடாமலே மேற்பரப்பின் சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன் 47 காட்டியது.

இரவில் பல்லி மண்ணைத் தோண்டியதில் சென்சார் வயர் இழுபட்டு, அதன் முனை குளிர்ப் பக்கத்துக்கு வந்துவிட்டது. தெர்மோஸ்டாட் மேல் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. சென்சார் கிடந்த இடத்தை 32 டிகிரிக்குக் கொண்டுவர, ராத்திரி முழுக்க ஹீட் மேட்டை (பெட்டிக்கு அடியில் விரிக்கும் தட்டையான ஹீட்டர்) எரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பல்லியின் வயிற்றில் ஒரு விரல்நுனி அளவுக்குச் சிவந்திருந்தது. இரண்டு முறை தோல் உரித்த பிறகுதான் அந்த அடையாளம் முழுசாகப் போனது.

அன்றிலிருந்து, எந்த தெர்மோஸ்டாட் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள். பெட்டிக்குள் என்ன ஹீட்டர் இருக்கிறது? இந்தக் கருவி கெட்டுப்போனால் ஹீட்டர் அணைந்து நிற்குமா, எரிந்து நிற்குமா? இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மிச்சமிருக்கும் தேர்வு சுலபம்.

முதலில் ஹீட்டர், அப்புறம்தான் தெர்மோஸ்டாட்

பல பேர் தெர்மோஸ்டாட்டை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற ஹீட்டரைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழ். முதலில் பிராணி, அதற்குத் தேவையான சூடு எப்படிப்பட்டது என்பது, அதைத் தரக்கூடிய ஹீட்டர், கடைசியில்தான் அந்த ஹீட்டரைக் கட்டுப்படுத்தத் தெரிந்த தெர்மோஸ்டாட்.

பியர்டட் டிராகன் வெயில் காய்கிற ஓணான் வகைப் பிராணி. மேலிருந்து வெளிச்சத்தோடு சூடு வர வேண்டும். அது ஏறி உட்காரும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரை இருக்கலாம், மறு பக்கம் 25 அளவில் இருக்க வேண்டும். இதற்கு ஹாலஜன் பல்புதான் பொருத்தம். லெபர்ட் கெக்கோ பகலில் பெரும்பாலும் மறைவிடத்திலேயே கிடக்கும். அதன் சூட்டுக் குகையின் தரை 32 முதல் 34 டிகிரி இருந்தால் போதும். ஹீட் மேட் போடலாம், மேலிருந்து சின்ன வாட் பல்பும் போடலாம். பந்து மலைப்பாம்புக்குச் சூட்டுப் பக்கம் 31, 32. குளிர்ப் பக்கம் 25, 26. இதற்கு இரவிலும் வெளிச்சமில்லாத சூடு தேவைப்படும் என்பதால் செராமிக் ஹீட்டரோ, கூரையில் பொருத்தும் ரேடியன்ட் பேனலோ நல்லது. கிரெஸ்டட் கெக்கோவுக்கு 28 டிகிரியைத் தாண்டினாலே கஷ்டம். அது இருக்கும் பெட்டிக்குப் பல அறைகளில் ஹீட்டரே வேண்டாம்.

இவை எல்லாமே தன் உடல் சூட்டை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும் உயிர்கள். சூடு குறைந்தால் தின்றது செரிக்காது, சில நேரம் அப்படியே கக்கிவிடும். சூடு கூடினால் ஒதுங்க ஒரு குளிர்ந்த இடம் வேண்டும். அதோடு, கீழிருந்து வரும் சூட்டை உணர்ந்து விலகுவதில் ஊர்வன ரொம்ப மெதுவானவை. சுட்டுப் புண்ணாகிற வரைக்கும் அதே இடத்தில் படுத்துக்கிடக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் 50 டிகிரியை எளிதில் தொட்டுவிடும் என்பதையும் இதோடு சேர்த்து யோசித்தால், கட்டுப்பாடு இல்லாமல் ஹீட்டர் போடுவது ஏன் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆன்-ஆஃப்

தெர்மோஸ்டாட்டில் ஆன்-ஆஃப், டிம்மிங், பல்ஸ் என்று மூன்று வகை. கடையில் முதலில் கண்ணில் படுவது ஆன்-ஆஃப் வகைதான். உள்ளே ரிலே என்ற, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் இருக்கும். சூடு போதாதென்றால் ‘டக்’கென்று இணைக்கும், போதுமென்றால் ‘டக்’கென்று துண்டிக்கும். இடைப்பட்ட நிலை என்று எதுவும் கிடையாது. விலை குறைவு, புரிந்துகொள்வது எளிது, கெட்டால் மாற்றுவதும் எளிது.

இதில் பார்க்க வேண்டியது, அணைவதற்கும் மறுபடி எரிவதற்கும் நடுவே உள்ள இடைவெளி. 32 என்று செட் செய்து இடைவெளியை 1 டிகிரி என்று வைத்தால், 32-இல் அணையும், 31-இல் எரியும். ஆனால் பெட்டிக்குள் ஊசலாட்டம் அதைவிடக் கூடவே இருக்கும். அணைத்த பிறகும் ஹீட்டரில் தேங்கிய சூடு கொஞ்ச நேரம் வந்துகொண்டிருக்கும் அல்லவா? மெல்லிய ஹீட் மேட்டில் தேங்குவது குறைவு. மேலே ஓடு, மண் இரண்டும் இருப்பதால் அந்த ஏற்ற இறக்கம் பிராணிக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் ஹீட் மேட்டுக்கும் ஹீட் கேபிளுக்கும் ஆன்-ஆஃப் தாராளமாகப் போதும். இதற்கு மேல் செலவு செய்வது அவசியமில்லை என்றே சொல்வேன்.

செராமிக் ஹீட்டரில் கதை வேறு. அது கனமான பீங்கான் கட்டி. சூடேறவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். தெர்மோஸ்டாட் அணைத்த பிறகும் பல நிமிடம் சூட்டைக் கொட்டும். ஆன்-ஆஃபில் ஓட்டினால் 32-க்கு மேலே இரண்டு மூன்று டிகிரி போய், கீழே இரண்டு மூன்று டிகிரி இறங்கி, மறுபடி ஏறும். வேறு வழியில்லை என்றால் ஓட்டலாம். ஆனால் இதைவிட நல்ல வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பல்புக்கு மட்டும் ஆன்-ஆஃப் வேண்டவே வேண்டாம். சில நிமிடத்துக்கு ஒரு முறை பகலும் இருட்டும் மாறி மாறி வந்தால் வெயில் காய்கிற ஓணான் இனம் எப்படி நிம்மதியாக இருக்கும்? பல்புக்கும் அது ஆகாது. குளிர்ந்த இழையின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். ஒவ்வொரு முறை போடும்போதும் அத்தனை மடங்கு மின்சாரம் ஒரு கணம் பாய்கிறது. பல்பு சீக்கிரமே போய்விடும்.

இடைவெளியை மிகவும் குறுக்கி வைத்தால் சூடு சீராக இருக்குமே என்று தோன்றும். ரிலேயைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எரிந்து அணைந்தால் ஒரு நாளைக்கு 288 முறை, வருடத்துக்கு ஒரு லட்சத்து ஐயாயிரம் முறை. சாதாரண ரிலேக்கள் முழுச் சுமையில் ஒரு லட்சம் முறை இயங்கும் என்ற கணக்கில்தான் பெரும்பாலும் செய்யப்படுகின்றன. நம்முடைய 20 வாட் மேட் முழுச் சுமைக்குப் பக்கத்தில்கூட வராது, அதனால் இன்னும் பல வருடம் தாங்கும். ஆனாலும் ரிலே தேயும் பொருள் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

இதே குடும்பத்தில் பழைய ஆள் ஒருவர் இருக்கிறார்: இரட்டை உலோகப் பட்டையால் இயங்கும் திருகு தெர்மோஸ்டாட். இரண்டு உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிவடைவதால் பட்டை வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். மின்னணு ஒன்றுமே இல்லை. கரண்ட் போய் வந்தாலும் வைத்த இடம் மாறாது. ஊசலாட்டம் சில டிகிரி வரை இருக்கும் என்பதால் முதன்மைக் கருவியாக நான் போடமாட்டேன். முதன்மைக் கருவி கெட்டால் தடுக்கும் காவலாளாகப் போடுவேன்.

பல்புக்கு டிம்மிங்

டிம்மிங் தெர்மோஸ்டாட், பல்பை அணைக்காமல் மங்கலாக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 அரை அலைகள் வருகின்றன. ஒவ்வொரு அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்புவது இதன் வேலை. செட் செய்த வெப்பநிலைக்குத் தொலைவில் இருந்தால் முழு வெளிச்சம். நெருங்க நெருங்க மங்கும். கடைசியில், இழக்கும் சூடும் கொடுக்கும் சூடும் சமமாகிற ஓர் இடத்தில் போய் நின்றுவிடும். நன்றாக அமைந்த பெட்டியில் மணிக்கணக்காகப் பார்த்தாலும் பல்பின் வெளிச்சம் மாறுவதே தெரியாது.

ஹாலஜன், சாதாரண இழை பல்பு, ஒளி இல்லாமல் அகச்சிவப்பை மட்டும் வீசும் டீப் ஹீட் ப்ரொஜெக்டர் எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. செராமிக்கும் ரேடியன்ட் பேனலும் இதில் ஓடும். வீட்டில் பல வகைப் பிராணிகள், பல வகை ஹீட்டர்கள் என்றால், அதிகமான ஹீட்டர்களோடு ஒத்துப்போவது டிம்மிங்தான்.

ஒரு நுணுக்கம். இழை பல்பை ரொம்பவும் மங்கலாக்கினால் சூடு குறைவதோடு அதன் தன்மையும் மாறும். வெளிச்சம் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும். தோலுக்குள் ஆழமாக இறங்கும் குறுகிய அலை அகச்சிவப்பின் பங்கு குறைந்துவிடும். ஹாலஜன் போட்டதன் பயனே அந்தக் குறுகிய அலைதான். அதனால் 100 வாட் பல்பை வாங்கி 30 சதவீதத்தில் ஓட்டுவதைவிட, 50 வாட் பல்பை வாங்கி 70, 80 சதவீதத்தில் ஓட்டுவது எவ்வளவோ மேல். வேண்டிய சூடு வந்த பிறகு பல்பு மங்கிச் சிவந்து கிடந்தால், வாட் அதிகம் என்று பொருள்.

வாங்கும் முன் குறைந்தபட்சச் சுமை எவ்வளவு என்றும் பாருங்கள். 600 வாட் வரை தாங்கும் டிம்மரில் 7 வாட் ஹீட் மேட்டை மட்டும் மாட்டினால் அது தடுமாறலாம்.

டிம்மிங்கோடு சேரவே கூடாதவை சில உண்டு. பாதரச ஆவி பல்பு மங்கலாக ஓடாது. அணைந்தால் ஆறின பிறகுதான் மறுபடி எரியும். அதை எந்த தெர்மோஸ்டாட்டிலும் மாட்டக்கூடாது. பெட்டியின் உயரத்தையும் பல்பின் தூரத்தையும் வைத்துத்தான் அதன் சூட்டைச் சரிசெய்ய முடியும். புற ஊதா டியூப், எல்.இ.டி. விளக்கு இவற்றின் இடம் டைமர். தெர்மோஸ்டாட்டின் பக்கமே போக வேண்டாம்.

டிம்மிங் என்ற பெயரில் இன்னொன்றும் விற்கிறார்கள்: சென்சாரே இல்லாத கைத்திருகு டிம்மர். அதை தெர்மோஸ்டாட் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அறை 22 டிகிரி இருக்கும்போது நீங்கள் திருகி வைத்த அளவு அப்படியே இருக்கும். அறை 30 ஆனால் பெட்டியும் கிட்டத்தட்ட 8 டிகிரி கூடிவிடும். அதற்கு அந்த விஷயமே தெரியாது.

பல்ஸ்

பல்ஸ் வகை, மின் அலையை வெட்டாது. முழு மின்சாரத்தைத் துண்டு துண்டாக அனுப்பும். சில வினாடிகள் கொண்ட ஒரு சுற்றில் 60 சதவீத நேரம் எரி, 40 சதவீத நேரம் நில் என்பது மாதிரி. ரிலே இல்லாததால் டக் சத்தம் கிடையாது, தேய்மானமும் கிடையாது. செராமிக் போன்ற கனமான ஹீட்டர் இந்தத் துண்டுகளை உள்வாங்கிச் சீரான சூடாக வெளியே விடும். செராமிக், ரேடியன்ட் பேனல், ஹீட் கேபிள், ஹீட் மேட் எல்லாவற்றுக்கும் நன்றாகப் பொருந்தும். வெளிச்சம் தரும் பல்புக்கு மட்டும் ஆகாது. விட்டு விட்டு மினுக்கும்.

என் கணக்கில் பல்ஸ் உண்மையிலேயே ஜெயிக்கிற இடம் முட்டை பொரிக்கும் பெட்டி. லெபர்ட் கெக்கோ முட்டைகளை 26 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் பெண், 32-33 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் ஆண். அதற்கும் மேலே போனால் மறுபடி பெண் கூடும். இப்படி ஓரிரு டிகிரியில் விஷயமே மாறுகிற இடத்தில் ஏறி இறங்கும் ஆன்-ஆஃபை நம்பி விடுவதற்கு எனக்கு மனம் வராது. ஆன்-ஆஃப்தான் இருக்கிறது என்றால், உள்ளே இரண்டு மூன்று தண்ணீர் பாட்டில்களை வையுங்கள். தண்ணீர் சூட்டைப் பிடித்துவைத்து ஊசலாட்டத்தைக் குறைக்கும்.

பெயரைக் கேட்டு வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. ஹேபிஸ்டாட், மைக்ரோகிளைமேட் போன்ற நிறுவனங்கள் ஒரே பெயரில் ஆன்-ஆஃப், டிம்மிங், பல்ஸ் மூன்றையுமே விற்கின்றன. ‘ஹேபிஸ்டாட் வைத்திருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அது எந்த வகை என்று தெரியாது. ஹெர்ப்ஸ்டாட் என்ற கருவியில் எந்த முறையில் ஓட வேண்டும் என்பதை அமைப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம். பலரும் வாங்கும் இங்க்பேர்ட் 308 மாதிரிகள் ஆன்-ஆஃப். ஹீட்டருக்கு ஒன்று, குளிர்விப்பானுக்கு ஒன்று என இரண்டு சாக்கெட் இருக்கும். கருவி வரும் அட்டையின் மேல் போட்டிருக்கும் பெயரைவிட, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வகைதான் முக்கியம்.

கெட்டுப்போனால் என்ன ஆகும்?

ஒப்பீடு என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் துல்லியத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். இது 0.1 டிகிரி, அது 0.5 டிகிரி என்று. பிராணிக்கு அரை டிகிரி ஒரு பொருட்டே இல்லை. அது தானே நகர்ந்து தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ளும். ஹீட்டர் அணையாமல் நின்றுவிடுவதுதான் அதைக் கொல்லும்.

ரிலேயில் இணைப்பு முனைகள் பொறி பட்டுப் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது திரையில் ‘ஆஃப்’ என்று காட்டும், ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். டிம்மிங்கிலும் பல்ஸிலும் ரிலேக்குப் பதிலாக டிரையாக் என்ற பாகம் இருக்கிறது. அது கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். அதாவது முழு மின்சாரமும் தடையில்லாமல் போகும். விலை கூடுதலான வகை என்பதால் பாதுகாப்பும் கூடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு வகையும் எரிந்த நிலையில் நிற்கக்கூடியவைதான்.

சென்சார் பக்கம் இன்னொரு ஆபத்து. பெரும்பாலான கருவிகளில் இருப்பது, சூடு கூடக் கூட மின்தடை குறையும் தெர்மிஸ்டர். அதன் வயர் உள்ளே அறுந்துபோனால் மின்தடை எல்லையில்லாமல் கூடும். கருவியின் கண்ணுக்கு அது கடுங்குளிர். உடனே முழு வேகத்தில் ஹீட்டரைப் போடும். நன்றாக வடிவமைத்த கருவி இதைப் பிழை என்று கண்டுபிடித்து ஹீட்டரை நிறுத்தி அலறும். வாங்கியவுடன் இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சென்சார் கழற்றக்கூடிய பிளக்காக இருந்தால், வெளியே மேசை மேல் வைத்து ஒரு சாதாரண பல்பை மாட்டி ஓட விட்டு, சென்சாரைக் கழற்றிப் பாருங்கள். பல்பு அணைந்தால் நல்ல கருவி. பளீரென்று எரிந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

என் பல்லிக்கு நடந்த மாதிரி சென்சார் நகர்ந்துபோவதை மட்டும் எந்தச் சாதாரணக் கருவியாலும் முழுசாகத் தடுக்க முடியாது. சில நல்ல கருவிகள், பல நிமிடம் முழு வேகத்தில் ஓடியும் சூடு ஏறவில்லையே என்று கவனித்து எச்சரிக்கும். அது இருந்தால் அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறே இல்லை.

இதற்கெல்லாம் நான் செய்துகொண்ட ஏற்பாடு இரண்டு.

முதலாவது, ஹீட்டரின் வாட்டைக் குறைத்தே வாங்குவது. தெர்மோஸ்டாட்டே இல்லாமல் முழு வேகத்தில் ஒரு பகல் ஓட விட்டால் குளிர்ப் பக்கம் எவ்வளவு ஏறுகிறது என்று பிராணி இல்லாத பெட்டியில் பார்த்துவிடுவேன். முழு வேகத்திலும் குளிர்ப் பக்கம் 28, 29-க்கு மேல் போகவில்லை என்றால், என்ன கெட்டுப்போனாலும் பிராணி ஒதுங்க ஓர் இடம் இருக்கிறது. செலவே இல்லாத பாதுகாப்பு இது.

இரண்டாவது, காவலுக்கு இன்னொரு ஆன்-ஆஃப். சுவர் சாக்கெட்டில் முதலில் காவல் கருவி, அதிலிருந்து முதன்மை தெர்மோஸ்டாட், அதிலிருந்து ஹீட்டர். காவல் கருவிக்குத் தனி சென்சார், முதன்மை சென்சாரிலிருந்து தள்ளி வேறு விதமாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். முதன்மையைவிட நாலைந்து டிகிரி மேலே செட் செய்ய வேண்டும். வரிசை மாறக்கூடாது. டிம்மருக்குப் பின்னால் காவல் கருவியை மாட்டினால், வெட்டுப்பட்ட மின்சாரத்தில் அது ஒழுங்காக இயங்காது. எல்லாம் சரியாக இருக்கிற நாட்களில் காவல் கருவிக்கு வேலையே இருக்காது. ஒரு நாள் முதன்மைக் கருவியின் திரை இருண்டு கிடந்தால், காவல் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அறிந்துகொண்டு காரணத்தைத் தேடலாம். ஒரே ஒரு விலை உயர்ந்த தெர்மோஸ்டாட்டா, நடுத்தரமான ஒன்றும் காவலுக்கு மலிவான இன்னொன்றுமா என்று கேட்டால், நான் எப்போதும் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சென்சாரை எங்கே கட்டுவது

எந்த வகை வாங்கினாலும் கருவிக்குத் தெரிவது சென்சார் முனையின் சூடு மட்டும். பல்லி படுக்கும் இடத்தின் சூட்டை நாம்தான் தனியாக அளந்து இரண்டையும் பொருத்த வேண்டும்.

ஹீட் மேட் என்றால், பெட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் அடிக் கண்ணாடிக்கும் நடுவே சென்சாரை வைத்து நல்ல சூடு தாங்கும் டேப்பால் ஒட்டுவதே எனக்குப் பிடித்த வழி. தோண்டி இழுக்க வழியில்லை, சிறுநீர் படவும் வழியில்லை. ஆனால் அங்கே 36 இருக்கும்போது மண்ணுக்கு மேலே 32 தான் இருக்கும். அதனால் திரையில் வரும் எண்ணை மறந்துவிட்டு, உள்ளே டெம்பரேச்சர் கன்னால் அளந்து வேண்டிய எண் வரும் வரை செட்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். மண்ணின் தடிமன் மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.

பல்புக்குக் கீழே என்றால், பிராணியின் முதுகு இருக்கும் உயரத்தில், கல்லுக்குப் பக்கத்தில், நேர் கதிர் படுகிற மாதிரி கட்டலாம். பிராணி மேலே ஏறி நிழல் போட்டால் சென்சார் குளிர்ந்து பல்பு கூடுதலாக எரியும் என்பதை மனதில் வைத்து இடம் பார்க்க வேண்டும். டேப்பை மட்டும் நம்பாமல் பிளாஸ்டிக் டையால் இரண்டு இடத்தில் கட்டிவிடுவேன். பிசின் டேப் கழன்று தோலில் ஒட்டிக்கொண்டால் அதை எடுப்பது பெரிய பாடு. பெட்டிக்குள் டேப்பே வேண்டாம்.

செராமிக் ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். பீங்கான் ஹோல்டரும் கம்பிக் கூடும் இல்லாமல் அதை மாட்டவே கூடாது. மலைப்பாம்பு எட்டாத இடம் என்று ஒன்று கிடையாது.

மற்ற வசதிகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இரவில் தானாகவே சில டிகிரி குறைக்கும் வசதி பயனுள்ளது. கரண்ட் போய் வந்தால் செட்டிங் மறக்காமல் இருக்க வேண்டும். இதைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். சூடு எல்லை தாண்டினால் சத்தமிடும் அலாரம் நல்லது. போனில் பார்க்கிற வசதி, பல நாள் வெளியூர் போகிறவர்களுக்கு மனநிம்மதி. பெட்டியில் பொருத்தாத வெறும் பேனல் கண்ட்ரோலர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் பின்னால் வீட்டு மின்சாரம் திறந்த முனைகளில் நிற்கும். வயரிங் தெரிந்தவர் ஒரு மூடிய பெட்டிக்குள் பொருத்திக் கொடுத்தால் மட்டுமே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஒரே தெர்மோஸ்டாட்டில் பல பெட்டிகளை ஓட்டலாமா என்றால், ஒரே அளவு, ஒரே வகை, ஒரே அடுக்கில் இருக்கிற பெட்டிகள் என்றால் ஓட்டலாம். வேறு வேறு பெட்டிகளுக்கு ஓட்டினால் சென்சார் இருக்கும் பெட்டி மட்டும்தான் சரியாக இருக்கும்.

இன்னொன்று. எந்த தெர்மோஸ்டாட்டும் குளிர வைக்காது. அறையே 34 டிகிரி இருக்கிற நாளில் ஹீட்டர் அணைந்துதான் கிடக்கும், ஆனாலும் பெட்டியில் குளிர்ப் பக்கம் என்று ஒன்று இருக்காது. அந்த நாட்களில் கவனிக்க வேண்டியது அறையை.

சரி, எதை எடுப்பது?

லெபர்ட் கெக்கோவுக்கு ஹீட் மேட் மட்டும் என்றால் நல்ல ஆன்-ஆஃப் போதும். மிச்சமாகும் பணத்தில் டெம்பரேச்சர் கன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எந்த தெர்மோஸ்டாட்டும் பாதிக் குருடு. பியர்டட் டிராகன் மாதிரி வெயில் காயும் பிராணிக்கு டிம்மிங், இதில் எனக்கு மறு யோசனையே இல்லை. மலைப்பாம்புக்குச் செராமிக் அல்லது பேனல் போட்டால் பல்ஸ். பின்னால் ஹாலஜனுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே டிம்மிங் எடுத்துவிடலாம், செராமிக்கும் அதில் ஓடும். பெரிய பெட்டியில் பகலுக்கு ஹாலஜன், இரவுக்குச் செராமிக் என்று இரண்டு ஹீட்டர் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி தெர்மோஸ்டாட். ஒரே சென்சாரை வைத்து இரண்டையும் ஓட்டப் பார்த்து நான் ஒரு மாதம் வீணாக்கியிருக்கிறேன்.

வாங்கி வந்த பிறகு பிராணியை உடனே உள்ளே விடாதீர்கள். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் சென்சார் முனையைக் கொஞ்ச நேரம் வைத்தால் திரையில் 0-க்குப் பக்கம் வர வேண்டும். 2, 3 என்று நின்றால் அந்த வித்தியாசத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மூன்று நாள் காலிப் பெட்டியில் ஓடட்டும். காலை, மதியம், நடுராத்திரி என்று சூட்டுப் பக்கத்துத் தரையையும் குளிர்ப் பக்கத்துத் தரையையும் அளந்து ஒரு தாளில் எழுதி, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். என் கெக்கோ பெட்டியில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. தினமும் காலையில் தண்ணீர் மாற்றும்போது டெம்பரேச்சர் கன்னை ஒரு முறை ஓட்டை நோக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். இன்று 32.6. கெக்கோ குகைக்குள்தான் இருக்கிறது. வால் மட்டும் வெளியே தெரிகிறது.